கிரிவலம் போன நாலு ஃபோன்கள்

1. ராஜினாமா

பர்வீன் ராஜினாமா கொடுத்த அன்று முதலில் அவளைத் திட்டினேன். அதற்குப் பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். எனக்குக் கோபம் முன்னால் வரும், காரணம் பின்னால் வரும். இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. ஃபைனான்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருக்கத் தேவையான தகுதி என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்களுடையது வண்டிக் கடன் கொடுக்கும் கம்பெனி. பைக், ஷேர் ஆட்டோ, டிராக்டர். திருவண்ணாமலை கிளை போளூர் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. நான் மேனேஜர். எனக்குக் கீழே, காசாளரையும் சேர்த்து, நாலு பேர். பர்வீன் கீழ்பென்னாத்தூர் பக்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டாள். கடன் கொடுப்பது, தவணை தவறினால் போய்ப் பேசுவது, இரண்டும் அவள் வேலை. அவள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நான் போய் நின்றால் பின்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்.

அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், புது ஆள் போட்டிருந்தோம். எங்கள் ரீஜினல் மேனேஜர், ஆர்.எம். என்போம், ஃபோனில் சொல்லிவிட்டார்: "மேடம், மூணாவது ஆளும் போனா உங்க பிராஞ்சை விழுப்புரத்தோட மெர்ஜ் பண்ணிடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பர்வீனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"வேற கம்பெனியில வேலை கிடைச்சிருக்கா?"

"இல்ல மேடம்."

"ஆயிரம் ரூபா ஏத்தித் தரச் சொல்றேன்."

"வேணாம் மேடம்."

"வீட்ல எதுனா பிரச்சனையா?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

"அப்புறம் என்ன, கொழுப்பா?"

"அதுவும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு டிராக்டர் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நோட்டீஸ் காலம் ஒரு மாதம். அதற்குள் அவளே மனசு மாறி கம்ப்யூட்டரில் வாபஸ் பட்டனை அழுத்தினால் உண்டு. இல்லையென்றால் அவளும் போவாள், கிளையும் போகும்.

2. மும்பையிலிருந்து வந்த உற்சாகம்

ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கும் கவலை வந்திருந்தது. கவலை வந்தால் அவர்கள் யாரையும் கேட்க மாட்டார்கள். திட்டம் போடுவார்கள்.

முதலில் மணி. டார்கெட் முடிக்கிறவர் எழுந்து போய் மணி அடிக்க வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். மணி வாங்க ஏழுமலையை அனுப்பினேன். ஏழுமலை எங்கள் சீனியர் வசூல்காரர். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். அவர் தேரடி வீதிக்குப் போய் நல்ல கனமான வெண்கல மணியாகப் பார்த்து வாங்கி வந்து வாசல் பக்கம் மாட்டினார். அடித்தால் கீழே மெடிக்கல் ஷாப் வரைக்கும் கேட்டது. விளைவு, மாடிக்கு வருகிற வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உள்ள இன்னா சாமி?" என்று கேட்டாள்.

"ஓவர்டியூ சாமிம்மா. மூணு மாசம் கட்டலன்னா வண்டியையே எடுத்துக்கும்" என்றார் ஏழுமலை.

மணியைக் கழற்றி பீரோவில் வைத்தேன்.

அடுத்தது நடைப் போட்டி. வேலையில் அழுத்தம் ஜாஸ்தி, அதனால் எல்லோரும் நடக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். கம்பெனி கொடுத்த ஃபோனில் ஒரு ஆப் போட்டார்கள். தினம் எத்தனை அடி நடந்தோம் என்று அது எண்ணும். ஒரு மாதம் போட்டி. தினமும் காலையில் வாட்ஸப் குரூப்பில் எல்லாக் கிளைகளின் பட்டியலும் வரும். மேலே இருக்கிறவர்கள் பச்சை, கீழே இருக்கிறவர்கள் சிவப்பு. ஏற்கெனவே வசூலில் சிவப்பு, புதுக்கடனில் சிவப்பு. இப்போது நடையிலும் சிவப்பாக்கி வைத்தார்கள். நடக்கச் சொல்கிறவன் ஏசி காரில் வருகிறான். என்ன சொல்ல?

3. நிருதி லிங்கத்திலிருந்து ஒரு குரல்

என் காலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சே முக்காலுக்கு ஆர்.எம். கூப்பிடுவார். நேற்று ஏன் குறைந்தது, இன்று எவ்வளவு வரும், யார் பொறுப்பு என்று பதினைந்து நிமிடம் கத்துவார். கேட்டுக்கொள்வேன். ஆறு மணிக்கு நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அதையே கொஞ்சம் காரம் கூட்டிச் சொல்வேன். முதல் ஃபோன் எப்போதும் பர்வீனுக்கு. அவள்தான் முதல் ரிங்கிலேயே எடுப்பாள். கம்பெனி ஃபோனில்தான் பேச வேண்டும், எல்லாப் பேச்சும் பதிவாக வேண்டும் என்பது விதி. அதனால் சொந்த நம்பர்களுக்குப் போடுவதில்லை.

போட்டி தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் அப்படித்தான் ஆறு மணிக்குப் போட்டேன்.

"பர்வீன், அந்த கீழ்பென்னாத்தூர் டிராக்டர் என்ன ஆச்சு?"

மூச்சு வாங்குகிற ஒரு ஆண் குரல் வந்தது. "அரோகரா... யாரும்மா பேசறது?"

"நீ யாருய்யா? பர்வீன் எங்க?"

"எனக்கு எப்டிமா தெரியும்? நான் கிரிவலத்துல நிருதி லிங்கத்தாண்ட நடந்துக்கினு இருக்கேன்."

"ஃபோன் எப்படி உன் கையில வந்துச்சு? திருடினியா?"

"திருடறவன் எடுத்து ஹலோன்னு சொல்வானாம்மா? நல்லா கேட்டீங்களே!" என்று வைத்துவிட்டது குரல்.

ஏழுமலைக்குப் போட்டேன். அதே மூச்சு. அதே குரல். "மறுபடியும் நீங்களாம்மா? இப்ப யாரு வேணும் உங்களுக்கு?"

நாலு நம்பருக்கும் அவரே எடுத்தார். நாலாவது தடவை, "அம்மா, நடையில பேசக் கூடாது, புண்ணியம் கம்மியாய்டும்" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார்.

ஒன்பதரைக்கு அலுவலகத்தில் நாலு பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். ஏழுமலைதான் வாயைத் திறந்தார்.

"என் மாமனார் மேடம். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வேண்டுதல், தினம் காலைல நாலரைக்கு மலை சுத்தக் கிளம்பிடுவாரு. எப்படியும் நடக்கறாரு, நாலு ஃபோனையும் அவர் பையில போட்டுவிட்டா..."

"எந்தப் பை?"

"பழைய கண்டக்டர் பை மேடம். தோல் பை. அது இல்லாம அவருக்கு நடக்க வராது."

இரவு வேலை முடிந்து போகும்போது மற்ற மூன்று பேரும் தங்கள் ஃபோனை ஏழுமலையிடம் கொடுத்துவிடுவார்களாம். மாமனார் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி முடித்து, ஒன்பதரைக்கு மெடிக்கல் ஷாப் வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம்.

"உன் ஃபோனுமா?" என்று பர்வீனைக் கேட்டேன்.

"என்னுதும்தான் மேடம். மாமியார்கிட்ட சொன்னேன். போறது ஃபோன்தானே, நீயா போறேன்னு சிரிச்சிட்டாங்க."

நியாயமாக நான் அதை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். அந்த நேரம் குரூப்பில் பட்டியல் வந்தது. திருவண்ணாமலை முதல் இடம். பச்சை. என் கிளையின் பெயரைப் பச்சையில் அதுவரை நான் பார்த்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

4. கண்டக்டர் வசூல்

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. விவசாயிகள் விடியற்காலையிலேயே ஃபோன் பண்ணுகிறவர்கள். தவணைக்கு அவகாசம் கேட்பது, பொய் சொல்வது எல்லாம் அந்த நேரத்தில்தான். அந்த ஃபோன்கள் எல்லாம் இப்போது தோல் பைக்குள் போயின. ஏழுமலையின் மாமனார் ஒன்றையும் விடாமல் எடுத்தார். இருபத்தெட்டு வருடம் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் டிக்கெட் கிழித்தவர். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரியாத ஆளே இல்லை.

பதிவானதைப் பிறகு கேட்டேன். ஒன்று இப்படி (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை):

"மேடம் இல்லீங்களா? இந்த மாசம் கட்ட முடியாதுன்னு சொல்லணும். மல்லாட்டை இன்னும் புடுங்கல."

"எந்த ஸ்டாப்பிங் நீ?"

"இன்னாது?"

"எந்த ஊரு, எந்த ஸ்டாப்பிங்ல ஏறுவ?"

ஊரைச் சொன்னார்.

"ஆலமரத்தாண்ட மெத்த வீடா? உங்கப்பன் டிக்கெட் எடுக்காம ரெண்டு தபா மாட்டினவன்தானே? உங்க ஊர்ல போன வாரமே மல்லாட்டை புடுங்கியாச்சே. நான் மலை சுத்திக்கினு இருக்கேன், என்னாண்ட பொய் சொல்லாத."

பின்னால் யாரோ கூட்டமாக அரோகரா போடுகிற சத்தம். அந்த ஆள் மறுநாளே வந்து கட்டிவிட்டுப் போனார்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளி ஆள் பேசுவது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் அவரால் அந்த மாதம் நாலு பேர் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். மற்ற வசூல் முழுக்க என் ஆட்கள் செய்தது. அந்த மாதம் வசூலில் நாங்கள் சிவப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பச்சை என்று ஏறினோம். ஏழுமலை மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருந்த ஒரு ஷேர் ஆட்டோக்காரரோடு உட்கார்ந்து டீ குடித்து, மூன்று தவணையை வாங்கி வந்தார். பர்வீன் வேலைக்கு வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு மட்டும் அந்த மாதம் நரகம். ஆர்.எம். அஞ்சே முக்காலுக்குக் கத்துவார். வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கு யாரிடம் கொடுப்பது? ஒருத்தர் ஃபோனும் கிடையாது. வீட்டில் என் வீட்டுக்காரர்தான் அகப்பட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் கீழ்பென்னாத்தூர் டிராக்டர் என்ன ஆனது என்று கேட்டேன். அவர் நுரையோடு, "நானா வாங்கினேன்?" என்றார்.

5. கேக்கோடு வந்த ஆர்.எம்.

மாதக் கடைசி வாரம், திங்கட்கிழமை, ஆர்.எம். நேரில் வந்தார். போட்டி முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்தும், கேக், சால்வை, முதல் பரிசு. பரிசு ஒரு கைக்கடிகாரம். தூங்கும்போதும் கட்டியிருக்க வேண்டுமாம். மேலதிகாரி மெசேஜ் அனுப்பினால் மணிக்கட்டில் அதிருமாம்.

"ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் உங்க பிராஞ்ச் பத்திதான் பேசறாங்க" என்றார். "நாலு பேருக்கும் டெய்லி கிட்டத்தட்ட ஒரே ஸ்டெப் கவுன்ட்! சேர்ந்தே நடக்கறாங்க, என்ன டீம் ஸ்பிரிட்னு எம்.டி. சொன்னாராம். உங்க சீக்ரெட் என்னன்னு வீடியோ எடுத்து எல்லா பிராஞ்சுக்கும் அனுப்பணும். ஏழுமலை, நீங்க சொல்லுங்க. டெய்லி இருபதாயிரம் ஸ்டெப்ஸ்!"

ஏழுமலை அப்போதுதான் மாடி ஏறி வந்திருந்தார். பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச மூச்சு இல்லை.

"எமோஷனல் ஆயிட்டார்" என்றார் ஆர்.எம்.

அந்த நேரத்தில் ஒரு விவசாயி வந்து நின்றார். அந்த ஆலமரத்து மெத்தை வீட்டுக்காரரின் பங்காளி. "கண்டக்டர் சார் இருக்காருங்களா? நேத்து காலைல பேசினேன். அவர் சொன்ன மாதிரியே பணம் எடுத்தாந்துட்டேன்."

"யாரு கண்டக்டர்?" என்றார் ஆர்.எம்.

"மலை சுத்திக்கினே பேசுவாரே, அவருதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சரியாக வராது, இரண்டாவது வரியிலேயே கோபம் வந்துவிடும். வாடிக்கையாளரைக் காசாளரிடம் அனுப்பிவிட்டு, ஆர்.எம்.மை உள்ளறைக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், இது ஃபிராடு!"

"ஆமா சார். நல்லவேளை, கடன்ல பண்ணல. நடையிலதான் பண்ணியிருக்காங்க."

"நீங்க ஏன் ஸ்டாப் பண்ணல?"

"பச்சையில பேர் வந்துச்சு சார்."

அவர் பதில் சொல்வதற்குள் அவர் ஃபோன் அடித்தது. ஜோனல் மேனேஜர். எழுந்து நின்று பேசினார். வைத்தார். உட்கார்ந்தார். மறுபடி அடித்தது. மறுபடி எழுந்தார். அரைமணி நேரத்தில் அஞ்சு தடவை எழுந்து உட்கார்ந்தார். அவர் காலில் அந்த ஆப் இருந்திருந்தால் பரிசு அவருக்கே போயிருக்கும்.

"உங்களுக்கு என்ன மேடம், அஞ்சே முக்காலுக்குத்தான் நான் பண்றேன்" என்றார் களைத்துப்போய். "எனக்கு அஞ்சரைக்கு ஜோனல் பண்றார். அவருக்கு அஞ்சேகாலுக்கு மும்பை."

"மும்பைக்கு யார் பண்றாங்க?"

"அது தெரியல மேடம். அவங்க தூங்கறதே இல்ல போல."

கடிகாரத்தையும் சால்வையையும் எடுத்துக்கொண்டு போனார். எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார். கேக்கை மறந்துவிட்டார். சாப்பிட்டோம்.

6. பர்வீன் சொன்னது

அன்று சாயங்காலம், இனி ஃபோன்களை அவரவரே வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். பர்வீன் முகம் மட்டும் விழுந்துவிட்டது. அவள் பாட்டுக்கும் ஃபோனுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது.

"ஃபோன் மலை சுத்தினா உனக்கென்ன சந்தோஷம்?"

"ஃபோன் வீட்ல இல்லல்ல மேடம்."

"இருந்தா என்ன?"

அவள் கேக் தட்டை ஓரமாக வைத்தாள். "என் பொண்ணு ரெண்டாவது படிக்குது. காலைல ஆறு மணிக்கு அதுக்குத் தலை பின்னணும். அப்பதான் ஃபோன் வரும். ஒரு கையில ஃபோன், ஒரு கையில சடை. இந்த மாசம்தான் ரெண்டு சடையும் ஒரே உயரத்துல இருக்கு மேடம்."

எனக்கு உடனே கோபம் வந்தது. ஹெட் ஆபீஸ்மேல். "இந்த ஹெட் ஆபீஸ்காரனுங்களுக்கு அறிவே கிடையாது. ஆறு மணிக்கு ஒரு மனுஷியை..."

"மேடம்" என்றாள் பர்வீன். "ஹெட் ஆபீஸ்ல யாருக்கும் என் நம்பரே தெரியாது. ஆறு மணிக்குப் பண்றது நீங்க."

ஏழுமலை ஃபேனைப் பார்த்தார். காசாளர் சாவியை எண்ணினார்.

"அதை என்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ராஜினாமா எழுதுவியா இதுக்கு?"

"எப்ப மேடம் சொல்றது? நீங்க பேசிட்டு வெச்சிடுவீங்க."

யார் குற்றம் சொன்னாலும் கத்துகிறவள் நான். அன்று கத்தவில்லை.

"இனிமே ஒன்பதரைக்கு முன்னாடி உன்னைக் கூப்பிடமாட்டேன். யாரையும் கூப்பிடமாட்டேன்" என்றேன்.

"பாக்கறேன் மேடம். சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு" என்றாள். நம்பவில்லை என்று அர்த்தம்.

செவ்வாய் காலை அஞ்சே முக்காலுக்கு ஆர்.எம். கூப்பிட்டார். நடைப் போட்டி மானக்கேட்டையும் சேர்த்து அரைமணி நேரம் கத்தினார். வைத்ததும் என் விரல் தானாக பர்வீன் பெயரில் போய் நின்றது. பழக்கம். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி துவைத்தேன். அழுக்கே இல்லாத துணி. புதன்கிழமை ஒரு ரிங் போய்விட்டது. பதறி வெட்டினேன். பர்வீன் அதைப் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை ஆர்.எம். சொன்னதை ஒரு தாளில் எழுதினேன். ஒன்பதரைக்கு அலுவலகத்தில் அந்தத் தாளை எடுத்துப் படித்தபோது, பதினைந்து நிமிடக் கத்தலில் உருப்படியான விஷயம் இரண்டு வரிதான் இருந்தது. உட்கார்ந்தபடியே சாதாரணக் குரலில் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இத்தனை வருடமாக இந்த இரண்டு வரிக்குத்தானா நாலு குடும்பத்தை எழுப்பிக்கொண்டிருந்தேன்?

வெள்ளிக்கிழமை விரல் போகவில்லை.

7. மற்றவை

சனிக்கிழமை மத்தியானம் பர்வீன் கம்ப்யூட்டரில் வாபஸ் பட்டனை அழுத்தினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். வாபஸ் வாங்கக் காரணம் என்ன என்று அது கேட்டது. சம்பள உயர்வு, பதவி உயர்வு, இடமாற்றம், மற்றவை. "மற்றவை" என்று போட்டாள்.

நான் வேலையை விடும்வரை பர்வீன் அங்கேதான் இருந்தாள். கிளையும் விழுப்புரத்தோடு சேரவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன். தப்புக்கு வந்த கடிதம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளைக்கு ஒரு கிளைக்கு மேனேஜர் ஆவீர்கள். மேலேயிருந்து வருகிற கத்தலை அப்படியே கீழே இறக்கிவிடுவதற்கு மேனேஜர் தேவையில்லை, ஒரு குழாய் போதும். ஆளை நிறுத்தி வைப்பது எது என்று தெரியவேண்டுமென்றால் அந்த ஆளைக் கேளுங்கள். நான் கேட்க ஒரு மாதம் ஆனது.

அடுத்த வாரம் மும்பையிலிருந்து ஹெச்.ஆர். பேசினார். தமிழ்க்காரர்தான். ராஜினாமா கொடுத்தவரைத் தக்க வைத்ததற்குப் பாராட்டினார். "மற்றவைன்னு போட்டிருக்காங்களே மேடம், என்ன குடுத்தீங்க அவங்களுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

"ஒண்ணும் குடுக்காம எப்படி மேடம் இருப்பாங்க?"

"முன்னாடி காலைல ஆறு மணிக்கு ஒண்ணு குடுத்துக்கிட்டு இருந்தேன். அதை நிறுத்திட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. புரிந்திருந்தால் எல்லாக் கிளைக்கும் உடனே சர்க்குலர் போட்டிருப்பார். அதுவும் காலை அஞ்சேகாலுக்கு வந்திருக்கும்.